வலிப்பு நின்று பல ஆண்டுகள், மாத்திரையையும் நிறுத்தலாமா?

காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை. ஆண்டுக்கு 730 வேளை. ஐந்து ஆண்டுகளாக வலிப்பே வராத ஒருவர் 3,650 முறை மாத்திரை விழுங்கியிருப்பார். ஏதோ ஓர் இரவில் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது இன்னும் எதற்கு?' என்று அவர் யோசிக்கத்தான் செய்வார்.

நானும் அப்படி யோசித்தவன். யோசித்ததில் தவறில்லை. யாரிடமும் சொல்லாமல் அன்றிரவே மாத்திரை அட்டையை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடியதுதான் தவறு. அப்போது எனக்கு 24 வயது. கடைசியாக வலிப்பு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பதாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். சுவரில் மோதிக் கிழிந்த புருவத்துக்கு ஐந்து தையல் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியை மருத்துவரோடு முறையாக உட்கார்ந்து பேசினேன். அந்த வழியை இப்போதுதான் இதை யோசிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

எந்தப் படியிலும் மாறாத விதி ஒன்று உண்டு. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. திடீர் நிறுத்தம், ஓயாமல் அடுத்தடுத்து வரும் தொடர் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அது உயிருக்கே ஆபத்து. பினோபார்பிட்டோன், கிளோபசாம், குளோனசிபாம் ஆகியவற்றில் இந்த அபாயம் இன்னும் அதிகம். மூளை அவற்றுக்குப் பழகிப்போயிருப்பதால், சட்டென்று விலக்குவதே வலிப்பைத் தூண்டிவிடும்.

கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

'எனக்குக் குணமாகிவிட்டதா?' என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். இதற்கு நேரடியாக ஆம், இல்லை என்று சொல்லும் பரிசோதனை எதுவும் கிடையாது. மழைக்காலம் முழுவதும் வீடு ஒழுகவில்லை என்றால், கூரையே சரியாகிவிட்டதா, மேலே போர்த்திய தார்ப்பாய் தாங்குகிறதா என்பது உள்ளே இருந்து பார்த்தால் தெரியாது. மாத்திரையோடு கழிந்த வலிப்பில்லாத ஆண்டுகளும் அப்படித்தான்.

வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2014-இல் வெளியிட்ட வரையறையில் 'குணமானது' என்ற சொல்லையே தவிர்த்தது. பத்து ஆண்டுகள் வலிப்பு இல்லாமல், அவற்றில் கடைசி ஐந்து ஆண்டுகள் மருந்தும் இல்லாமல் இருந்தால், நோய் 'தணிந்துவிட்டது' என்று கொள்ளலாம் என்றது. குறிப்பிட்ட வயதில் மட்டும் வரும் வகையாக இருந்து அந்த வயதைக் கடந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் நிறுத்துவது பற்றிப் பேசுவதற்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது வலிப்பு இல்லாமல் இருந்தால் பேச்சைத் தொடங்கலாம் என்பதே மருத்துவர்களின் பொதுவான நடைமுறை. பெரியவர்களிடம் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கச் சொல்பவர்களும் உண்டு. அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நிறுத்தினால் எனக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு? ஒரே ஒரு முறை வந்தாலும் என் வாழ்க்கையில் அது எதைப் பறிக்கும்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

மருத்துவரைப் பார்க்கும் முன் உங்கள் கதையை எழுதுங்கள். முதல் வலிப்பு எந்த வயதில் வந்தது, மொத்தம் எத்தனை முறை வந்தது, கடைசியாக வந்த தேதி, எந்தெந்த மருந்துகள், எந்த அளவில். குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். மருத்துவர் அதையும் கேட்பார். மூளையின் மின் அலைகளைப் பதிந்த பழைய இ.இ.ஜி. தாள்கள், எம்.ஆர்.ஐ. படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பீரோவில் எங்கோ இருக்கும். தேடி எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிகள் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடங்கள்தான். அவை பழைய சீட்டைத் துழாவுவதில் போய்விடக் கூடாது.

இதில் மிகக் கடினமான பகுதி நேர்மை. கீழே விழுந்து வெட்டி இழுத்தால் மட்டுமே வலிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, வாயை மென்றுகொண்டு அழைத்தால் பதில் சொல்லாமல் இருப்பது, கடித்த நாக்கோடும் நனைந்த படுக்கையோடும் எழுவது, காலையில் எழுந்ததும் கை திடுக்கென உதறிக்கொள்வது ஆகியவையும் வலிப்பாக இருக்கலாம். இவை தொடர்ந்தால் 'வலிப்பில்லாத ஆண்டுகள்' என்ற கணக்கே பிழையாகிவிடும். இதை உங்களைவிட உங்கள் அருகில் படுப்பவர் நன்றாக அறிவார். அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

என் புருவத்தில் தையல் பிரித்த வாரத்தில் மருத்துவர் கேட்டார்: "காலையில் கையிலிருந்து ஏதாவது நழுவுமா தம்பி?" பல் துலக்கும் பிரஷ் நழுவும். சில நாள் காபி டம்ளர் நழுவும். தூக்கக் கலக்கம் என்றுதான் அம்மா திட்டுவார். நானும் அப்படியே நம்பினேன். எந்த மருத்துவரிடமும் அதைச் சொன்னதில்லை. அந்த ஒரு பதில்தான் என் வலிப்பின் பெயரைக் கண்டுபிடிக்க உதவியது.

மாத்திரையை மறந்த நாட்களையும் எழுதுங்கள். கடைசி வலிப்பு இரண்டு வேளை மாத்திரை தவறியதால் வந்ததென்றால், தார்ப்பாயை விலக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டீர்கள்.

உங்கள் வலிப்பின் பெயர் என்ன?

வலிப்பு என்பது பல நோய்களுக்குப் பொதுவாக இருக்கும் ஓர் அறிகுறி. வகை தெரியாமல் நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது, எந்த ஊருக்கு என்று தெரியாமல் டிக்கெட் கேட்பது போன்றது.

என் அக்கா மகளுக்கு ஏழு வயதில் வந்தது. தூக்கத்தில் முகம் ஒரு பக்கம் கோணி, எச்சில் ஒழுகி, பேச முடியாமல் விழித்துக்கொள்வாள். ரோலாண்டிக் வலிப்பு என்று சொல்லப்படும் வகை இது. பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு பதறும். ஆனால் பதின்பருவத்தில் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் தானே நின்றுவிடும். நிறுத்துவதற்கு மிகவும் தைரியம் தரும் வகை இதுதான்.

எனக்கு இருப்பது இளம்பருவ மயோக்குளோனிக் வலிப்பு. பதின்பருவத்தில் தொடங்கும், காலை உதறல்தான் இதன் அடையாளம், தூக்கம் கெட்டால் கிளம்பும். மாத்திரைக்கு மிக நன்றாகக் கட்டுப்படும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பான்மையினருக்குத் திரும்பிவிடும். ஒரே குடும்பத்தில், ஒரே சொல்லால் அழைக்கப்படும் நோய்க்கு இப்படி இரண்டு எதிரெதிர் விடைகள்.

இந்தியாவில் தனியே சொல்ல வேண்டிய ஒன்று மூளைப் புழுக்கட்டி. பன்றி இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைப்பது தவறு. நாடாப்புழுவின் முட்டைகள் அசுத்தமான கை, நீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக யாருடைய வயிற்றுக்குள்ளும் போகலாம். முழுச் சைவக் குடும்பங்களிலும் இது வருகிறது. ஸ்கேனில் ஒற்றைக் கட்டி மட்டும் தெரிந்து, சிகிச்சைக்குப் பின் எடுத்த ஸ்கேனில் அது சுவடில்லாமல் மறைந்திருந்தால், இரண்டு ஆண்டுகள் காத்திராமல் சில மாதங்களிலேயே மருந்தைக் குறைக்க மருத்துவர்கள் முன்வருவதுண்டு. கட்டி சுண்ணாம்பாக இறுகித் தங்கிவிட்டால் கதை வேறு. அந்தச் சுண்ணாம்புப் புள்ளியைச் சுற்றி அவ்வப்போது வீக்கம் வந்து வலிப்பைக் கிளப்பலாம். ஆகவே 'கட்டி இருந்தது' என்பது போதாது. கடைசி ஸ்கேனில் அது என்ன ஆனது என்று கேளுங்கள். கடைசி ஸ்கேனே எடுக்காதவர்கள் நிறையப் பேர்.

தலைக்காயத் தழும்பு, பக்கவாதம், பிறவியிலேயே மூளை அமைப்பில் இருக்கும் கோளாறு ஆகியவற்றால் வரும் வலிப்பு திரும்பும் வாய்ப்பு கூடுதல்.

எண்களைப் பார்ப்போம்

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய ஆய்வு ஒன்றின் முடிவு 1991-இல் வெளியானது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் வலிப்பில்லாமல் இருந்த 1,013 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு மருந்தைத் தொடர்ந்தது. மற்றது மெதுவாகக் குறைத்து நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்கும் நிறுத்தியவர்களில் 59 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வரவில்லை.

இந்த எண்களை மெதுவாகப் படியுங்கள். நிறுத்தியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நன்றாகவே இருந்தார்கள். ஒழுங்காக மருந்தைத் தொடர்ந்தவர்களிலும் நூற்றுக்கு 22 பேருக்கு வலிப்பு வந்தது. மாத்திரை முழுக் காவலும் இல்லை, அதை நிறுத்துவது நிச்சயத் தோல்வியும் இல்லை. 2017-இல் பத்து ஆய்வுகளில் இருந்து, மருந்தை நிறுத்திய 1,769 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 46 விழுக்காட்டினருக்கு வலிப்பு திரும்பியிருந்தது.

சராசரி உங்கள் எண் ஆகாது. நோய் தொடங்கி அடங்குவதற்குள் நெடுங்காலம் ஆகியிருந்தால், பத்து முறைக்கு மேல் வலிப்பு வந்திருந்தால், வலிப்பில்லாத காலம் குறைவாக இருந்தால், இ.இ.ஜி.யில் இன்னும் வலிப்புக்குரிய அலைகள் தெரிந்தால், வளர்ச்சிக் குறைபாடு இருந்தால், உங்கள் எண் சராசரிக்கு மேலே போகும். இவை எதுவும் இல்லாவிட்டால் கீழே இறங்கும். இந்த விவரங்களை இட்டால் தனிநபருக்கான வாய்ப்பைக் கணக்கிட்டுத் தரும் கருவியையும் அந்த 2017 ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம். நிறுத்தும் முன் ஒரு புதிய இ.இ.ஜி. எடுக்கச் சொல்வார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். அது இயல்பாக இருந்தால் ஆறுதல். அதற்கு மேல் உறுதி எதையும் அது தராது.

திரும்ப வந்துவிட்டால் மருந்து மறுபடி வேலை செய்யுமா? எனக்கு மிகவும் பயம் தந்த கேள்வி இது. அதே பிரிட்டன் ஆய்வைத் தொடர்ந்தபோது, வலிப்பு திரும்பியவர்களில் 95 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் ஓராண்டாவது வலிப்பில்லாமல் இருந்தார்கள். மீதமிருக்கும் சிலரையும் கணக்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் வாழ்க்கையை எடைபோடுங்கள்

முப்பது விழுக்காடு என்ற அதே வாய்ப்பு, வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் ஒருவருக்கும் லாரி ஓட்டுநருக்கும் ஒன்றல்ல. பனையேறுபவர், கிணற்றில் நீந்துபவர், அடுப்படியில் தனியாக வேலை செய்பவர், உயரத்தில் வெல்டிங் செய்பவர், பச்சைக் குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டும் தாய் என ஒவ்வொருவருக்கும் ஒரு வலிப்பின் விலை வேறு. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல், வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். திடீரென ஏற்படும் மரணத்தின் அபாயமும், முழு உடலும் வெட்டி இழுக்கும் வலிப்பு வருபவர்களுக்கே கூடுதல். இதை மருத்துவர்கள் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுபக்கம் மாத்திரையின் விலை. பினைடாயினால் வீங்கும் ஈறு, ஆண்டுக்கணக்கில் தேயும் எலும்பு. லெவெடிரசெட்டம் தரும் எரிச்சலும் கோபமும். வால்ப்ரோயேட்டால் கூடும் எடை. மந்தமான நினைவு. இத்தனை ஆண்டுகளாக 'என் சுபாவமே இப்படித்தான்' என்று நீங்கள் நினைத்தது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

கருவுறும் வயதில் இருக்கும் பெண்கள் வால்ப்ரோயேட் எடுத்தால், நிறுத்துவதா வேண்டாமா என்பதற்கு முன்பே வேறொரு பேச்சு தேவை. கருவில் இருக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாட்டையும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சிச் சிக்கலையும் அது தரக்கூடும். கரு உண்டாவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். கருவுற்றது தெரிந்தவுடன் பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நாளில் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென ஒரு பதிவேட்டை 1998 முதல் நடத்திவருகிறது. இந்தத் துறையில் நம் பக்கத்திலேயே அனுபவம் இருக்கிறது.

கல்யாணத்துக்காக நிறுத்துவதைப் பற்றி வருத்தத்தோடு சொல்கிறேன். பெண் பார்க்க வருவதற்குள், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிவதற்குள் நிறுத்திவிடலாம் என்று எத்தனையோ குடும்பங்கள் அவசரப்படுகின்றன. இதைவிட மோசமான நேரம் கிடையாது. நிச்சயதார்த்தம் முதல் மறுவீடு வரை சரியான தூக்கம் இருக்காது, சாப்பாடு நேரத்துக்கு இருக்காது, மனம் ஓரிடத்தில் நிற்காது. வலிப்பு மீள்வதற்கு வேண்டிய அத்தனையும் அங்கே தயாராக இருக்கும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்த வாசகம் 1999-இல் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது. மறைப்பதற்கு இது குற்றமல்ல. சொல்லிச் செய்த திருமணத்தில் மாத்திரையை ஒளித்து விழுங்க வேண்டியிருக்காது.

நிறுத்துவது, தொடர்வது என்ற இரண்டு வழிகள் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு மருந்துகளில் ஒன்றை மட்டும் விடலாம். பக்கவிளைவு தரும் மருந்துக்குப் பதில் வேறொன்றுக்கு மாறலாம். அளவைக் குறைத்து அங்கேயே நிற்கலாம். நான் மருந்தை மாற்றிக்கொண்டு தொடர்கிறேன். பைக் ஓட்டாமல் என் வேலை நடக்காது. என் வகை வலிப்பு திரும்பாது என்று நம்பவும் வழியில்லை.

குறைக்கத் தொடங்கினால்

அக்கா மகளுக்குக் குறைத்தபோது மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: இந்தத் தேதியிலிருந்து காலை அரை மாத்திரை, இந்தத் தேதியிலிருந்து இரவிலும் அரை. வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுதித் தரக் கேளுங்கள். பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். பினோபார்பிட்டோன், கிளோபசாம் வகைகளுக்கு இன்னும் நீளும். ஒரே சமயத்தில் ஒரு மருந்தை மட்டுமே குறைக்க வேண்டும். நன்றாக இருக்கிறோமே என்று ஒரு படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

வேறு மாத்திரைகள் எடுத்தால் அந்தப் பட்டியலைக் கட்டாயம் காட்டுங்கள். பினைடாயின், கார்பமசெபின் போன்றவை கல்லீரலை முடுக்கி மற்ற மருந்துகளை விரைவாகக் கரைப்பவை. அவற்றை நிறுத்தியதும், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்தின் வீரியம் கூடி இரத்தக் கசிவு வரலாம். வால்ப்ரோயேட்டும் லாமோட்ரிஜினும் சேர்த்து எடுப்பவர் வால்ப்ரோயேட்டைக் குறைத்தால், இரத்தத்தில் லாமோட்ரிஜினின் அளவும் இறங்கிவிடும். இதைத் தெரிந்தவர்தான் உங்கள் தாளை எழுத வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுங்கள். பொதுத்தேர்வு, வீடு மாறுதல், இரவுப்பணி, அறுவடைக்காலம் எதுவும் குறுக்கே வராத மாதங்களாக இருக்கட்டும். சிவராத்திரிக்குக் கண்விழிக்கும் வழக்கம் இருந்தால் அந்த ஆண்டு விட்டுவிடுங்கள். மதுவும் வேண்டாம். வலிக்கோ காய்ச்சலுக்கோ மருத்துவரிடம் போனால் வலிப்பு இருந்ததைச் சொல்லுங்கள். டிராமடால் என்ற வலிமாத்திரையும் சிப்ரோபிளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகளும் வலிப்பைத் தூண்டக்கூடியவை.

வாகனம் ஓட்டுவதில் பிரிட்டனின் அறிவுரை தெளிவாக இருக்கிறது: குறைக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பிறகு ஆறு மாதங்களும் ஓட்ட வேண்டாம். நான் அதை அப்படியே பின்பற்றச் சொல்வேன். கிணறு, குளம், மொட்டைமாடி விளிம்பு, உள்தாழ்ப்பாள் போட்ட குளியலறை ஆகியவற்றுக்கும் அதே காலக் கெடு.

வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பாருங்கள்: ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் ஸ்பூனோ துணியோ திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வந்தது தானே அடங்கும்போது சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். வலிப்பை அடக்க மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசி மாத்திரைக்குப் பிறகு

திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், அதிலும் முதல் சில மாதங்களில் வருகிறது. அந்த ஆண்டு முழுவதும் நோட்டுப் புத்தகத்தை மூட வேண்டாம். உதறல், வெறித்த பார்வை, காரணம் தெரியாத காயம் எதுவானாலும் தேதியோடு எழுதுங்கள். வீட்டில் யாராவது செல்பேசியில் படம் எடுத்தால் மருத்துவருக்குப் பேருதவி. வலிப்பு வந்துவிட்டால் எந்த மருந்தை, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதைக் குறைக்கத் தொடங்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி வந்தால் அது உங்கள் மனவலிமையின் குறையும் ஆகாது, முடிவெடுத்ததன் தண்டனையும் ஆகாது. மருந்துக்குத் திரும்பி, இன்னொரு முறை யோசிக்க எத்தனை ஆண்டுகள் பொறுக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளலாம்.

அக்கா மகள் கடைசி அரை மாத்திரையை விழுங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைப் பீரோ கதவின் உட்புறத்தில் அக்கா இன்னும் ஒட்டித்தான் வைத்திருக்கிறார். அதன் கடைசி வரியில், மீண்டும் வந்தால் கொடுக்க வேண்டிய அளவு சிவப்பு மையில் இருக்கிறது. அதை இதுவரை யாரும் படிக்க வேண்டியிருக்கவில்லை.